எதையும் மாற்றாத பயிற்றுவிப்பாளர்

சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவுக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு இரவுகள் கண் விழித்து, 32 பக்கத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போனேன்.

புதன்கிழமை இரவு நடந்துவந்த ஒத்திகையைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். ஒத்திகைக்கு முன்னர் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, தே தாரிக் குடித்துக்கொண்டே வசனத்தைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் வீணாகிறது என்று அதை நிறுத்தினேன். மூன்று ஆண்டுகளாக ஒளியமைப்பைக் கவனித்துவந்த அண்ணனிடம் புதிய அட்டவணை ஒன்றைக் கொடுத்து, "இனிமேல் இப்படித்தான்," என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து வாரங்களில் 22 பேரில் ஏழு பேர் விலகினார்கள். யாரும் சண்டை போடவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறுவதைக் கைப்பேசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியாக வெளியேறியவர் அந்த ஒளியமைப்பு அண்ணன்.

அன்றிரவு விடுதியின் பொதுச் சமையலறையில் மேகி மீ வேகவைத்தபடி புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து அறைத் தோழி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன வருடம் உங்கள் நாடகம் நன்றாக இல்லையா?"

"நன்றாகத்தான் இருந்தது. அரங்கம் நிறைந்தது."

"பிறகு எதைச் சரிசெய்யப் போனாய்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் மடிக்கணினியைத் திறந்து பழைய காணொளி ஒன்றைக் காட்டினார். பச்சை, ஆரஞ்சு நிறங்களில் ஒரு காற்பந்துக் குழு. நாம் விளையாடும் காற்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. 2001ஆம் ஆண்டின் மயாமி பல்கலைக்கழகக் குழு அது. என் தோழியின் ஊரில் அந்தக் குழுவைப் பற்றிப் பேசாத வீடு இல்லையாம்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தக் குழுவைப் பற்றியே படித்தேன், பார்த்தேன். படிக்கப் படிக்க, நான் செய்த தவற்றை ஒருவர் செய்யாமல் விட்ட கதையாக அது தெரிந்தது.

மாணவர் ஆட்டம், மாபெரும் கூட்டம்

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் காற்பந்து என்பது நம் இணைப்பாட நடவடிக்கைபோல் ஓரமாக நடக்கும் ஒன்றன்று. நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் அமரலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 100,000 பேருக்கும் மேல் அமர்கிறார்கள். அத்தனை பேர் முன்னிலையில் ஆடுபவர்கள் நம் வயதுக்காரர்கள்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொரு தரப்பிலும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் 'டச்டவுன்', ஆறு புள்ளிகள். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளிகள். தாக்குதலுக்கு ஒரு பிரிவு, தற்காப்புக்கு வேறொரு பிரிவு. தாக்குதலை வழிநடத்துபவர் 'குவார்ட்டர்பேக்'.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சியும் முன்கூட்டியே வரையப்படுகிறது. யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது, பந்து எப்போது கையை விட்டுப் போவது என எல்லாம் ஒரு தடித்த கையேட்டில் இருக்கும். நாடகப் பிரதியைப் போலவே ஆட்டக்காரர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளர் வந்தால் பெரும்பாலும் புதிய கையேடும் வரும். பழைய பெயர்கள், பழைய சைகைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கற்க வேண்டும். அந்தப் பின்னணி தெரிந்தால்தான் மயாமியில் நடந்தது புரியும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஆண்டு

மயாமி பல்கலைக்கழகம் 1983, 1987, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் தேசிய வெற்றியாளர். பிறகு சரிந்தது. விதிமீறல்களுக்காக 1995இல் தண்டிக்கப்பட்டு, ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய உபகாரச் சம்பளங்கள் குறைக்கப்பட்டன. 1997இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. பயிற்றுவிப்பாளர் புட்ச் டேவிஸ் பொறுமையாகக் குழுவை மீண்டும் கட்டியெழுப்பினார்.

2000ஆம் ஆண்டில் மயாமி 12 ஆட்டங்களில் 11இல் வென்றது. ஒரே தோல்வி, பருவத்தின் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் 34-29 என்ற புள்ளிக்கணக்கில் வந்தது. அக்காலத்தில் தேசிய இறுதியாட்டத்துக்கான இரு குழுக்களைக் கருத்துக்கணிப்புகளும் கணினித் தரவரிசைகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்தன. அந்தக் கணக்கு மயாமியைத் தள்ளிவிட்டு ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஃபுளோரிடா மாநிலக் குழுவை மயாமி அந்தப் பருவத்திலேயே 27-24 என்று தோற்கடித்திருந்தது.

அந்த ஏமாற்றம் ஆட்டக்காரர்களை ஒட்டவைத்தது. தற்காப்பு ஆட்டக்காரர் எட் ரீட் அப்போதே தொழில்முறைக் காற்பந்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. விட்டதைப் பிடிக்க இன்னோர் ஆண்டு தங்கினார்.

அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. 2001 ஜனவரி இறுதியில் புட்ச் டேவிஸ் தொழில்முறைக் குழுவான கிளீவ்லாந்து பிரவுன்ஸின் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்றுக் கிளம்பிவிட்டார். உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று கையெழுத்திடும் நாளுக்குச் சில நாள்களே இருந்தன. தலைவர் இல்லாத குழுவில் யார் கையெழுத்திடுவார்கள்?

அப்போது மயாமியின் ஆட்டக்காரர்கள் விளையாட்டுத் துறை இயக்குநர் பால் டீயைச் சந்தித்தார்கள். வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர வேண்டாம், லேரி கோக்கரை நியமியுங்கள் என்று கேட்டார்கள்.

52 வயது 'புதியவர்'

யார் இந்தக் கோக்கர்? ஓக்லஹோமா மாநிலத்துக்காரர். உயர்நிலைப் பள்ளிப் பயிற்றுவிப்பாளராகத் தொடங்கி, பல பல்கலைக்கழகங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். 1995 முதல் மயாமியின் தாக்குதல் பிரிவைக் கவனித்துவந்தார். எந்தப் பல்கலைக்கழகக் குழுவுக்கும் அவர் தலைமையேற்றதில்லை. அப்போது அவருக்கு வயது 52.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஆபத்தான தேர்வு. தேசிய வெற்றிக்கு ஒரு படி கீழே நிற்கும் குழுவை, தலைமை அனுபவமே இல்லாத ஒருவரிடம் ஒப்படைப்பதா? ஆனால் டீ மாணவர்கள் சொன்னதைக் கேட்டார். சில நாள்களிலேயே கோக்கர் நியமிக்கப்பட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்டிப்பு குறைவானவர் வேண்டும் என்றுதான் மாணவர்கள் அவரைக் கேட்டிருப்பார்களோ? நம் வகுப்பில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருந்தால் யாரைத் தேர்ந்தெடுப்போம் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்தக் கோடைக்காலம் என் சந்தேகத்துக்குப் பதில் சொன்னது. விடுமுறையில் குழுப் பயிற்சியை நடத்தப் பயிற்றுவிப்பாளர்களுக்கு அப்போது அனுமதி இருக்கவில்லை. மூத்த ஆட்டக்காரர்களே பயிற்சியை நடத்தினார்கள். ஃபுளோரிடாவின் வெயிலில் ஓட்டம், எடைப்பயிற்சி, பந்து எறிதல் எல்லாம் அவர்கள் பொறுப்பில் நடந்தன. கண்டிப்பும் அவர்களிடமிருந்தே வந்தது. பயிற்றுவிப்பாளரைவிடச் சக மாணவரின் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம் என்பது குழுவாக வேலை செய்த எல்லாருக்கும் தெரியும்.

கோக்கர் என்ன செய்தார்? தாக்குதல் பிரிவின் ஆட்டமுறையை அப்படியே வைத்துக்கொண்டார். அது அவரே ஆண்டுக்கணக்கில் கற்பித்தது. துணைப் பயிற்றுவிப்பாளர்களில் பலரைத் தக்கவைத்தார். தற்காப்புப் பிரிவின் பொறுப்பு காலியாக இருந்தது. அதற்கு ராண்டி ஷெனனை அழைத்துவந்தார். ஷெனன் மயாமிக்காக ஆடியவர், அங்கேயே பயிற்றுவித்தவர். மாற்றம் தேவைப்பட்ட இடத்தில்கூட, வீட்டை அறிந்த ஒருவரைத்தான் தேடினார்.

என் 32 பக்கத் திட்டம் நினைவுக்கு வந்தது. அதில் 'ஏற்கெனவே நன்றாக நடப்பவை' என்று ஒரு பக்கம்கூட இல்லை.

பன்னிரண்டு ஆட்டங்கள்

2001 செப்டம்பர் 1ஆம் தேதி. முதல் ஆட்டமே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அந்த மாபெரும் அரங்கில். மயாமி 33-7 என்று வென்றது. அடுத்த வாரம் ரட்கர்ஸ் குழுவை 61-0 என்று தோற்கடித்தது.

மூன்றாவது ஆட்டம் வாஷிங்டனுடன் நடக்கவேண்டியது. சென்ற ஆண்டுத் தோல்விக்குப் பதிலடி கொடுக்கக் காத்திருந்த ஆட்டம். ஆனால் செப்டம்பர் 11ஆம் தேதித் தாக்குதல்களால் நாடே உறைந்துபோனது. அந்த வார இறுதி ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. வாஷிங்டன் ஆட்டம் நவம்பர் இறுதிக்கு மாறியது. மயாமி மீண்டும் களமிறங்கியது செப்டம்பர் 27ஆம் தேதி. பிட்ஸ்பர்க் குழுவை 43-21 என்று வென்றது.

அக்டோபர் 13ஆம் தேதி ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கில் ஆட்டம். அங்கு அக்குழு 54 ஆட்டங்களாகத் தோல்வியே கண்டதில்லை. மயாமி 49-27 என்று வென்று அந்தத் தொடரை முடித்தது. அன்று இடைவேளையில் உடைமாற்றும் அறையில் நடந்ததை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் நினைவில் நிற்பது பயிற்றுவிப்பாளரின் உரை அன்று, எட் ரீடின் குரல். தோளில் அடிபட்டிருந்தவரிடம் ஒரு நண்பர் நலம் விசாரிக்க, அவர் வெடித்துவிட்டார். வலிக்கத்தான் செய்கிறது, என்னைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆட்டத்தை முடியுங்கள் என்ற பொருளில் முழங்கினார். 

அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். 23 வயது மாணவர் ஒருவர் அறையையே கையில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் இடம் விட்டிருக்கிறார். தலைவராக இருப்பவருக்கு அது எளிதன்று. கூட்டத்தில் வேறு யாராவது என்னைவிட நன்றாகப் பேசினால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு பந்து, இரண்டு பேர்

எல்லா ஆட்டமும் எளிதாக அமையவில்லை. நவம்பர் 10ஆம் தேதி பாஸ்டன் கல்லூரியுடனான ஆட்டத்தில் மயாமியின் புகழ்பெற்ற தாக்குதல் பிரிவு தடுமாறியது. குவார்ட்டர்பேக் கென் டோர்சி எறிந்த பந்துகளில் நான்கை எதிரணி பிடித்தது. மயாமி ஒரு டச்டவுன்கூட எடுக்காமல், நான்கு உதைகளால் மட்டும் 12 புள்ளிகள் சேர்த்திருந்தது. பாஸ்டன் கல்லூரியிடம் ஏழு புள்ளிகள்.

கடைசி நிமிடம். பாஸ்டன் கல்லூரி மயாமியின் எல்லைக் கோட்டுக்கு 10 யார்டுக்கும் குறைவான தூரத்தில் நின்றது. ஒரு டச்டவுன் எடுத்தால் ஆட்டம் அவர்களுடையது. மயாமியின் ஆண்டு முழுவதும் அந்த ஓர் எறிதலில் தொங்கியது.

பந்து எறியப்பட்டது. மயாமியின் மைக் ரம்ஃபின் காலில் பட்டுத் தெறித்தது. தற்காப்பு வரிசையிலிருந்த மேட் வால்டர்ஸின் கைகளில் போய் விழுந்தது. பருமனான உடல்வாகு கொண்ட அவர் பந்துடன் மெதுவாக ஓடத் தொடங்கினார். அங்கேயே படுத்திருந்தாலும் வெற்றிதான். ஆனால் பின்னாலிருந்து வந்த எட் ரீட், தம் சொந்தக் குழு நண்பரின் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு 80 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். 18-7.

எந்தக் கையேட்டிலும் இல்லாத காட்சி அது. பயிற்றுவிப்பாளர் வரைந்து கொடுத்ததும் இல்லை. ஆட்டம் தங்களுடையது என்று நம்பும் மாணவர்கள் மட்டுமே அப்படி ஓடுவார்கள்.

அதன்பின் குழு புயலானது. தேசியத் தரவரிசையில் இருந்த சிரக்கியூஸ் குழுவை 59-0, அடுத்த வாரம் வாஷிங்டனை 65-7. ஓராண்டு காத்திருந்த பதிலடி அது. டிசம்பர் 1ஆம் தேதி வெர்ஜீனியா டெக் குழுவிடம் மட்டும் மீண்டும் மூச்சுத் திணறியது. இடைவேளையில் 20-3 என்று முன்னிலையில் இருந்த மயாமி, இறுதியில் 26-24 என்று மயிரிழையில் தப்பியது.

பாசடீனா, 2002 ஜனவரி 3

இறுதியாட்டம் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் போல் அரங்கில் நடந்தது. எதிரணி நெப்ராஸ்கா. முதல் பாதி முடிந்தபோது புள்ளிக்கணக்கு 34-0. இரண்டாம் பாதியில் பார்க்க அதிகம் இருக்கவில்லை. 37-14 என்று முடிந்தது. கென் டோர்சியும் ஆண்ட்ரே ஜான்சனும் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மயாமிக்கு அது ஐந்தாவது தேசிய வெற்றி.

பன்னிரண்டு ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 512, விட்டுக்கொடுத்தவை 117. தலைமைப் பயிற்றுவிப்பாளராகத் தம் முதல் ஆண்டிலேயே ஒருவர் தேசிய வெற்றி பெற்றது, 1948இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்னி ஊஸ்டர்பானுக்குப் பின் அதுவே முதன்முறை. சுவையான ஒற்றுமை ஒன்று உண்டு. ஊஸ்டர்பானும் வெளியாள் அல்லர். முந்தைய ஆண்டு தோல்வியே காணாத குழுவின் துணைப் பயிற்றுவிப்பாளர்.

அந்த மயாமிக் குழுவிலிருந்து 38 பேர் தொழில்முறைக் காற்பந்துக்குத் தேர்வு செய்யப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் முதல் சுற்றிலேயே தேர்வானவர்கள். 2001இல் முதலாண்டு மாணவராக, மாற்று ஆட்டக்காரராக இருந்த ஃபிராங்க் கோர் பின்னாளில் தொழில்முறைக் காற்பந்தில் பந்துடன் ஓடிய மொத்தத் தூரத்தில் மூன்றாம் இடத்தைப் பிடித்தார்.

யார் வேண்டுமானாலும் வென்றிருப்பார்களா?

இங்கேதான் என் தோழியுடன் வாதம் தொடங்கியது. "38 பேர் அப்படிப்பட்டவர்கள் என்றால், பயிற்றுவிப்பாளரே தேவையில்லையே? நான் நின்றிருந்தால்கூட வென்றிருக்குமே!" என்றேன்.

"நீ நின்றிருந்தால் 32 பக்கத் திட்டம் கொண்டுவந்திருப்பாய்," என்றார்.

சிரித்தோம். ஆனால் கேள்வி எளிதில் விடவில்லை, ஏனென்றால் கோக்கரின் கதை அந்த வெற்றியோடு முடியவில்லை.

அடுத்த ஆண்டும் மயாமி தோல்வியின்றி இறுதியாட்டம் வரை சென்றது. 2003 ஜனவரி 3ஆம் தேதி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம், இருமுறை கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டத்தில், 31-24 என்று தோற்றது. 34 ஆட்டங்கள் தொடர்ந்த வெற்றிப்பயணம் அன்றோடு நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறக்கம். 2003இல் இரண்டு தோல்விகள், 2004இலும் 2005இலும் மும்மூன்று, 2006இல் ஆறு. அந்த ஆண்டு இறுதியில் கோக்கர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஆறு ஆண்டுகளில் 60 வெற்றி, 15 தோல்வி என்ற சாதனையும் அவரைக் காப்பாற்றவில்லை. அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் ராண்டி ஷெனன்.

முதலில் இதைப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. எனக்குப் பாடம் சொல்லவந்த கதை பாதியில் கட்சி மாறிவிட்டதே! ஆனால் யோசித்தபோது இந்தப் பாதியும் தேவை என்று பட்டது.

கோடைக்காலப் பயிற்சியை நடத்திய எட் ரீட் போன்றவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். ஒரு பல்கலைக்கழகக் குழுவில் பெரும்பாலோர் நான்கைந்து ஆண்டுகளுக்குமேல் இருப்பதில்லை. நன்றாக நடக்கும் ஒன்றை அப்படியே விடுவது ஒரு திறமை. அதை நடத்தும் ஆள்கள் போனபிறகு, புதியவர்களைக் கொண்டு அதையே மறுபடி உருவாக்குவது வேறு திறமை. 2001இல் முதல் திறமை போதுமானதாக இருந்தது. 2006இல் இரண்டாவது தேவைப்பட்டது. எதையும் மாற்றாமல் இருப்பது எல்லாக் காலத்துக்குமான மந்திரம் இல்லை.

கோக்கர் அந்த இரண்டாவது வேலையையும் பிறகு செய்துபார்த்தார். சான் அந்தோனியோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் காற்பந்துக் குழு ஒன்றைப் புதிதாகத் தொடங்கியபோது, அதற்கு முதல் பயிற்றுவிப்பாளர் அவர்தான். கையேடு இல்லை, மூத்தவர்கள் இல்லை, பழக்கவழக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. 2011இல் அக்குழு முதன்முறையாகக் களமிறங்கிய ஆட்டத்தைக் காண 50,000க்கும் அதிகமானோர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே அது 12 ஆட்டங்களில் எட்டில் வென்றது.

ஆக, 2001இல் கோக்கர் எதையும் மாற்றாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணம் இல்லை, துணிவில்லாமையும் காரணம் இல்லை. ஆறு ஆண்டுகள் அந்தக் குழுவுக்குள் இருந்து பார்த்தவர் அவர். எது ஓடுகிறது, எதனால் ஓடுகிறது என்று தெரிந்தபிறகே கைவைக்காமல் இருந்தார். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள யாரையும் கேட்டதும் இல்லை.

மடித்து வைத்த தாள்

அக்டோபரில் அந்த ஒளியமைப்பு அண்ணனைக் காப்பிக்கடையில் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு சிறு உரையே தயாரித்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நான் கொடுத்த அதே அட்டவணை. பென்சிலால் குறிப்புகள் எழுதியிருந்தார்.

"இந்த ரெண்டு மாற்றமும் நல்லா இருக்கு," என்று இரண்டு இடங்களைக் காட்டினார். பிறகு மூன்றாம் காட்சியைத் தொட்டார். "இங்கே எட்டாவது விளக்குன்னு எழுதியிருக்கே. நம்ம அரங்கத்துல ஏழுதான் இருக்கு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"நீ கேட்கவே இல்லையே."

ஒத்திகை மீண்டும் புதன்கிழமை இரவுக்கு மாறியது. தே தாரிக் வட்டமும் திரும்பியது. அப்போதுதான் அந்த வட்டம் எதற்காக இருந்தது என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டுவிட்ட முதலாண்டு மாணவர்கள் பலர் எங்களிடம் வருகிறார்கள். எல்லார் முன்னிலையிலும் மேடையேறித் தடுமாறுவதற்கு முன்னர், உட்கார்ந்த இடத்திலேயே மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, லகர ளகரம் பழகிக்கொள்ள அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு உதவியது. நான் வீண் என்று நினைத்தது அதைத்தான்.

விலகிய ஏழு பேரில் நால்வர் திரும்பினார்கள். திரும்பாத மூவரில் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு முதலாண்டு மாணவி. வீட்டில் ஆங்கிலம் பேசுபவர், தமிழ் பேசிப் பழக வேண்டும் என்பதற்காகவே எங்களிடம் சேர்ந்தவர். இரண்டு முறை செய்தி அனுப்பினேன். நன்றி சொல்லி, நேரமில்லை என்று கண்ணியமாகப் பதில் எழுதினார். 2001 மயாமிக் குழுவின் கதையை எத்தனை முறை படித்தாலும் அவரைத் திரும்ப அழைத்துவர முடியாது.

நாடகம் பிப்ரவரியில் அரங்கேறியது. ஏழு விளக்குகளும் நேரத்துக்கு எரிந்தன.

வரும் ஆகஸ்ட்டில் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கப்போகிறேன். நான் போனபிறகும் வட்டம் தொடர வேண்டும் என்பதற்காக, இப்போது இரண்டாம் ஆண்டு மாணவர்களே அதை முறைவைத்து நடத்துகிறார்கள். அடுத்த தலைவருக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். 32 பக்கம் இல்லை, ஒரே பக்கம்தான். எங்கள் வழக்கங்கள் ஒவ்வொன்றும் எதற்காக வந்தன, அதைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாற்றலாமா, வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

முதல் வரி மட்டும் இப்படித் தொடங்குகிறது: நம் அரங்கில் ஏழு விளக்குகள்.